விலக்கு நிறுவனத்துக்கு, உங்கள் பொருளுக்கு இல்லை

கேள்வி: ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிறு நிறுவனத்தில் இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன். குனிந்து நிமிர்ந்து சுமை தூக்குபவர்களின் முதுகுக்குத் தாங்கலாக உடம்பில் மாட்டிக்கொள்ளும் எக்ஸோஸ்கெலிட்டன் செய்கிறோம். மோட்டார் கிடையாது, ஸ்பிரிங்கும் எலாஸ்டிக் பட்டையும்தான். இதுவரை சரக்குக் கிடங்குகளுக்கு விற்றோம். இப்போது மருத்துவமனை, முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோவதற்காக, நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடும் இத்தாலிய அரசு மருத்துவமனை ஒன்றோடும் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் நிதிக்கு விண்ணப்பிக்கிறோம். படிவத்தில் ‘பாலினப் பரிமாணம்’ பற்றி எழுதச் சொல்கிறார்கள். “நாம் தனியார் கம்பெனி, நமக்கு விலக்கு உண்டு, பொருந்தாது என்று ஒரு வரி போட்டுவிடு” என்கிறார் மேலாளர். ஆறு பேர் அணியில் நான் ஒருத்திதான் பெண். என் பெயரை ஒரு வொர்க் பேக்கேஜுக்கு (திட்டத்தின் வேலைத் தொகுப்புக்கு) தலைவராகப் போட்டால் மதிப்பெண் கூடும் என்றும் சொல்கிறார். எது சரி? அந்தப் பத்தியில் என்னதான் எழுதுவது? இப்படிக் கேட்பதால் நிறுவனங்கள் உண்மையிலேயே மாறுகின்றனவா?

பதில்: உங்கள் மேலாளர் சொன்ன இரண்டில், விலக்கு உண்டு என்பது பாதிதான் சரி, உங்கள் பெயரால் மதிப்பெண் கூடும் என்பது பெரும்பாலும் தவறு. ஹொரைசன் யூரோப்பில் பாலினம் என்பது மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று வெவ்வேறு வேலைக்காக வருகிறது. மூன்றையும் ஒன்றாகக் கலந்துகொள்வதால்தான் நல்ல தொழில்நுட்பம் உள்ள முன்மொழிவுகள்கூட இந்த இடத்தில் சறுக்குகின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பாலினச் சமத்துவத் திட்டம். கடைசித் தேதி 2022-லோ அதற்குப் பிறகோ வரும் அழைப்புகளில் (விண்ணப்பம் கோரும் அறிவிப்புகளில்) இது தகுதி நிபந்தனை. அரசு அமைப்புகள், உயர்கல்வி நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகிய மூன்று வகையினருக்கு இது கட்டாயம். திட்டம் தலைமையின் கையொப்பத்தோடு இணையதளத்தில் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். அதற்கென ஆளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஆண், பெண் வாரியாகப் பணியாளர் விவரம் திரட்டி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். பயிற்சி நடத்த வேண்டும். லாப நோக்குள்ள தனியார் நிறுவனங்களுக்கு, சிறு நிறுவனங்கள் உட்பட, இதிலிருந்து விலக்கு உண்டு. மேலாளர் கேள்விப்பட்டது இந்த விலக்கைத்தான். படிவத்தின் ‘அ’ பகுதியில் ‘திட்டம் உள்ளதா’ என்ற கேள்விக்கு உள்ளபடி ‘இல்லை’ என்று சொல்லலாம், ஒன்றும் குறையாது.

ஆனால் இங்கேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. பங்கேற்பாளர் பதிவேட்டில் உங்கள் நிறுவனத்தைப் பதிந்தபோது, ஆராய்ச்சி செய்கிறோம் என்ற எண்ணத்தில் யாராவது ‘ஆராய்ச்சி நிறுவனம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கலாம். அந்தச் சொல் அங்கே லாப நோக்கற்ற, ஆராய்ச்சியையே முதன்மை நோக்கமாகக் கொண்ட அமைப்பைக் குறிக்கிறது. தவறாகப் பதிந்திருந்தால் இல்லாத கடமை உங்கள் தலையில் வந்து விழும். இன்றைக்கே திறந்து பாருங்கள். அடுத்தது, உங்கள் இத்தாலியக் கூட்டாளி. பல்கலைக்கழகங்கள் இந்தத் திட்டத்தை எழுதி வைத்திருக்கும். அரசு மருத்துவமனையும் அரசு அமைப்புதான் என்பது கூட்டமைப்பில் பலருக்கும் நினைவுக்கு வராது. விண்ணப்பிக்கும்போது சுய அறிவிப்பு போதும், ஆனால் நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது திட்டம் நடைமுறையில் இருந்தாக வேண்டும். மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. உங்கள் கூட்டமைப்பிலோ மூன்றே பேர். ஒருவர் தகுதி இழந்தால் முழு விண்ணப்பமும் விழுந்துவிடும். மருத்துவமனையிடம் திட்டம் வெளியிடப்பட்ட இணைய முகவரியை இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது இடம்தான் உங்கள் கேள்வியின் மையம்: ஆராய்ச்சி உள்ளடக்கத்தில் பாலினப் பரிமாணம், அதாவது ஆய்வு செய்யும் பொருளிலேயே ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது. 2014 முதல் 2020 வரை நடந்த முந்தைய ஹொரைசன் 2020-இல், தேவை என்று குறிக்கப்பட்ட தலைப்புகளில் மட்டும் இதைக் கேட்டார்கள். ஹொரைசன் யூரோப்பில் அது தலைகீழானது. தேவையில்லை என்று தலைப்பின் விவரத்திலேயே சொல்லியிருந்தால் ஒழிய, எல்லா முன்மொழிவும் எழுதியாக வேண்டும். இது ‘சிறப்பு’ என்ற மதிப்பீட்டு அளவுகோலின் கீழ், ஆய்வுமுறைப் பகுதியில் மதிப்பிடப்படுகிறது. தனியார் என்றோ சிறு நிறுவனம் என்றோ இதில் யாருக்கும் விலக்கில்லை. பொருந்தாது என்று நினைத்தால் காரணம் காட்டலாம். ஆனால் மனித உடம்பில் மாட்டும் கருவிக்கு, அதுவும் பெண்கள் பெரும்பான்மையாக வேலை செய்யும் துறைக்குக் கொண்டுபோகும் கருவிக்கு, அப்படி எழுதினால் உங்கள் பயனாளர் யார் என்றே உங்களுக்குத் தெரியவில்லை என்று மதிப்பீட்டாளர் முடிவு செய்துவிடுவார். ஜெர்மனியில் செவிலியம், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றில் வேலை செய்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள்.

சிறப்பு, தாக்கம், செயலாக்கம் என்ற மூன்று அளவுகோலுக்கும் தலா 5 புள்ளி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 3, மொத்தத்தில் 10 எடுக்க வேண்டும். அரை அரைப் புள்ளியாகப் போடலாம். போட்டி கடுமையான அழைப்பில் நிதி கிடைப்பதும் கைநழுவிப் போவதும் அந்த அரைப் புள்ளியில்தான்.

மூன்றாவது இடம், அணியில் ஆண், பெண் விகிதம். இதற்கு நேரடியாக மதிப்பெண் கிடையாது. இரண்டு முன்மொழிவுகள் ஒரே மொத்தப் புள்ளியில் நின்று, அழைப்பின் வேறு எவரும் தொடாத பகுதியைத் தொடுகிறதா என்று பார்த்து, தனித்தனி அளவுகோல்களின் புள்ளியையும் ஒப்பிட்டு, அதற்குப் பிறகும் சமமாக இருந்தால்தான் ஆய்வாளர் பட்டியலில் உள்ள பாலினச் சமநிலையைப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் பெயரைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்பது தவறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அந்தப் பத்திக்கு வருவோம். “எங்கள் அணியில் பெண்களும் உள்ளனர், சம வாய்ப்பை மதிக்கிறோம்” என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கேள்வி ஆராய்ச்சியின் உள்ளடக்கத்தைப் பற்றியது, அணியைப் பற்றியது இல்லை என்று படிவமே எச்சரிக்கிறது, ஆனாலும் எழுதுகிறார்கள். அடுத்த தவறு, “பாலின அம்சங்கள் கருத்தில் கொள்ளப்படும்” என்ற வாக்கியம். எந்த வேலையில், யார், எதை அளந்து, முடிவு வேறாக வந்தால் எதை மாற்றுவீர்கள் என்பது அதில் இல்லை. மதிப்பீட்டாளர் இந்த நாலைத்தான் தேடுவார்.

உங்கள் கருவியில் எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. மார்புப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குனியும்போது ஸ்பிரிங் தரும் விசை, மார்பில் ஒரு முனையிலும் தொடையில் மறுமுனையிலும் அழுத்தித்தான் முதுகின் பாரத்தைக் குறைக்கிறது. இடுப்பு மூட்டில் 30 நியூட்டன் மீட்டர் தாங்கல் வேண்டும் என்று வையுங்கள். மூட்டிலிருந்து மார்புப் பட்டை 42 செ.மீ. உயரத்தில் இருந்தால் மார்பில் விழும் விசை சுமார் 71 நியூட்டன். உடற்பகுதி குட்டையாக இருப்பவருக்கு அந்தத் தூரம் 34 செ.மீ. என்றால் 88 நியூட்டன். அதே உதவிக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம். அதுவும் மார்பெலும்பின் மேல் சீராக உட்கார வேண்டிய பட்டை, பெண் உடலில் மேலே ஏறிக் காறையெலும்பிலோ கீழே இறங்கி மார்பகத்திலோ உட்காரும். வலிக்கிறது என்று அவர் பட்டையைத் தளர்த்துவார். தளர்த்தினால் தாங்கல் குறையும். பிறகு உங்கள் தரவில் ‘பெண்களுக்குப் பயன் குறைவு’ என்று வரும். உண்மையில் கருவி அவருக்குச் சரியாக மாட்டப்படவே இல்லை. ‘எஸ் சைஸ் இருக்கிறதே’ என்பது இதற்குப் பதில் ஆகாது. ஆணின் வடிவத்தை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் இடுப்பு அகலம் பற்றாது, தொடைப் பட்டை பற்றாது.

இதுவரை சொன்னது உடல் சார்ந்த வேறுபாடு. வேலையும் வழக்கமும் சார்ந்தது தனி. இரண்டையும் பிரித்து எழுதுங்கள், மதிப்பீட்டாளர் அதைக் கவனிப்பார். கிடங்கில் பெட்டி உயரமும் எடையும் தெரியும். பராமரிப்பில் தூக்குவது மனிதரை. அவர் அசைவார், பிடித்துக்கொள்வார், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் திரும்ப வேண்டியிருக்கும். உங்கள் மார்புச் சட்டம் நோயாளியின் மேல் உரசும். செவிலியர் சீருடை மெல்லிய துணி, பெல்ட் இல்லாதது. முதுகுச் சட்டத்துக்கு அடியில் உள்ளாடையின் கொக்கி அழுந்தும். இன்னொன்று, வடிவமைப்புக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டிய கருவியை ஆண் பெரும்பாலும் கழற்றாமலே சமாளித்துவிடுவார், பெண் முழுதாகக் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு ஷிஃப்டில் பலமுறை. ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் அதற்கு நேரம் கிடையாது. முதல் தடவை கழற்றிய கருவி அலமாரிக்குப் போய்விடும். எனவே கழற்றி மாட்ட எத்தனை விநாடி என்பதைச் சோதனையின் அளவீடுகளில் ஒன்றாகவே வையுங்கள். ஒரு முழு ஷிஃப்டின் முடிவில் இன்னும் எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். கிடங்கு வாடிக்கையாளர்களிடம் நீங்கள் கேட்காத கேள்விகள் இவை. பராமரிப்புத் துறையில் விற்பனையே இவற்றில்தான் நிற்கும்.

சோதனைக்கு ஆள் சேர்ப்பதில் கவனம் வேண்டும். ‘20 ஆண், 20 பெண்’ என்று எழுதுவது பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் வந்த பெண்கள் எல்லாரும் சராசரி ஆணுக்கு நெருங்கிய உயரம் என்றால் ஒன்றும் தெரியாது. பெண்கள் எல்லாரும் குட்டை, ஆண்கள் எல்லாரும் நெட்டை என்றால், நீங்கள் கண்ட வேறுபாடு பாலினத்தாலா அளவாலா என்று பிரிக்கவே முடியாது. உடற்பகுதி நீளத்தைக் குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இருவரையும் எடுங்கள். ஆறு கட்டம், கட்டத்துக்கு 6 பேர் என்றால் 36 பேர். நீண்ட உடற்பகுதி கொண்ட பெண்களும் குட்டையான ஆண்களும் கிடைப்பதுதான் சிரமம். அவர்களை முதலில் தேடத் தொடங்குங்கள். உயர வரம்பை, பெண்களில் மிகக் குட்டையான 5 விழுக்காட்டினரின் எல்லையில் தொடங்கி, ஆண்களில் மிக உயரமான 5 விழுக்காட்டினரின் எல்லை வரை வையுங்கள். ஜெர்மன் உடலளவுத் தரப்படி அது ஏறத்தாழ 153 செ.மீ. முதல் 185 செ.மீ. வரை. கர்ப்பிணிகளைப் பாதுகாப்புக்காக விலக்கலாம், காரணத்தையும் எழுதலாம். அதைச் சாக்காக வைத்துக் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் எல்லாரையும் விலக்கினால், உங்கள் வாடிக்கையாளரில் பெரும்பகுதியையே விலக்கியதாகும்.

புள்ளியியல் பக்கத்தில் அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்காதீர்கள். கருவி முதுகுத் தசையின் உழைப்பைக் குறைக்கிறதா என்று கண்டறியத் தேவையான ஆட்களைவிட, அந்தக் குறைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்று அதே நம்பகத்தோடு சொல்ல ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், வேறுபாடும் அதே அளவு பெரிதாக இருந்தாலும்கூட. 36 பேரில் அது முடியாது. அதனால் ஒவ்வொருவரையும் கருவியோடும் கருவியில்லாமலும் சோதியுங்கள். முடிவுகளை ஆண், பெண் தனித்தனியாக, நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்போடு) தருவோம், வேறுபாடு உண்டு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். விவரம் தெரிந்த மதிப்பீட்டாளருக்கு இந்த ஒரு வரி பெரிய நம்பிக்கையைத் தரும். தசை மின்னழுத்த அளவீட்டில் இன்னொரு கண்ணி: தோலுக்கடியில் கொழுப்பு அடுக்கு கூடினால் சிக்னல் பலவீனமாக வரும். ஆண், பெண் அளவுகளை நேருக்கு நேர் ஒப்பிடாமல், ஒவ்வொருவரின் அதிகபட்சத் தசை இறுக்கத்தோடு ஒப்பிட்டு விழுக்காடாக மாற்றுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். இவையெல்லாம் திட்டச் செலவில் சேரும். ஆனால் யாருடைய கணக்கில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். உங்கள் திட்டம் ‘புத்தாக்கச் செயல்’ வகையாக இருந்தால் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70 விழுக்காடுதான் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு 100. நேரடிச் செலவின் மேல் 25 விழுக்காடு மறைமுகச் செலவு சேரும், துணை ஒப்பந்தத்துக்கு மட்டும் சேராது. 10,000 யூரோ வேலையை உங்கள் ஆட்களே செய்தால் 12,500-இல் 70 விழுக்காடு, அதாவது 8,750 யூரோ வரும். வெளியே ஓர் ஆலோசகருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தால் 7,000. பல்கலைக்கழகத்தின் ஆட்கள் செய்தால் 12,500 முழுதாக அவர்களுக்குப் போகும், உங்களுக்குச் செலவே இல்லை. எனவே உடலளவு எடுத்தல், ஆள் சேர்த்தல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றை அவர்களிடமும், மார்புப் பட்டையையும் இடுப்புச் சட்டத்தையும் மறுவடிவமைப்பதை உங்களிடமும் வையுங்கள். ‘பாலின நிபுணர்’ என்று ஒருவரை வெளியிலிருந்து அழைத்து ஒருநாள் பட்டறை நடத்துவதோடு நிறுத்தினால் பணம்தான் வீண். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது.

பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

“கருவியின் இப்போதைய வடிவம் கிடங்குத் தொழிலாளர்களிடம் உருவானது. இலக்கான பராமரிப்புத் துறையில் பெரும்பான்மையினர் பெண்கள். மார்பில் விழும் விசை உடற்பகுதி நீளத்தோடு மாறுவதால், வேலை 2.1-இல் பாலினமும் உடற்பகுதி நீளமும் சேர்ந்த ஆறு பிரிவுகளில் 36 பேரிடம் தொடு அழுத்தம், தசை உழைப்பு, கழற்றி மாட்டும் நேரம் ஆகியவை அளக்கப்படும். நோயாளியை இடம் மாற்றும் பணிகளை ஆண், பெண் பணியாளர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை மருத்துவமனை வேலை 2.2-இல் நேரில் கவனித்துப் பதிவு செய்யும். எந்தப் பிரிவிலாவது தொடு அழுத்தம் நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால், 14-ஆம் மாத முடிவில் மார்புப் பட்டையின் வடிவம் மாற்றப்பட்டு வேலை 4.1-இல் மறுபடி சோதிக்கப்படும். எல்லா முடிவுகளும் பாலின வாரியாக டெலிவரபிள் (ஒப்படைக்க வேண்டிய அறிக்கை) 4.2-இல் வெளியாகும்.”

‘வரம்பைத் தாண்டினால் மாற்றுவோம்’ என்ற வாக்கியம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அளவெடுப்பு. அதே விஷயம் ‘தாக்கம்’ பகுதியிலும் வர வேண்டும்: எந்தச் சந்தை, யார் அணிவார், ஏன் இப்போது அணிவதில்லை. ஆய்வுமுறையில் ஒரு பத்தியாகக் கிடந்து, வேலைத் திட்டத்திலும் பட்ஜெட்டிலும் தடமே இல்லாமல் போனால், கடைசி நாளில் ஒட்டவைத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். படிவமும் பொது விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதால், உங்கள் அழைப்புக்கான பதிப்பையே இறக்கிவைத்து எழுதுங்கள். கூட்டாளி தரும் பழைய முன்மொழிவைப் பார்த்து நிரப்ப வேண்டாம்.

நிறுவனங்கள் உண்மையில் மாறுகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். நிதி தருபவர் எந்த இடத்தில் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்வீடனின் புத்தாக்க நிதி முகமையான வின்னோவா, நிறுவனம் கேட்டாலும் சரி, பல்கலைக்கழகம் கேட்டாலும் சரி, அணியின் அமைப்பையே மதிப்பிடுகிறது. தலை எண்ணிக்கையோடு நிற்காமல் அதிகாரமும் செல்வாக்கும் ஆண், பெண் இடையே எப்படிப் பகிரப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கிறது. தீர்வு யாருக்குப் பயன்படும் என்பது அதன் இன்னோர் அளவுகோலில் வருகிறது. ஆஸ்திரியாவின் ஆராய்ச்சி நிதி முகமையான எஃப்.எஃப்.ஜி., ஃபெம்டெக் என்ற பெயரில், பொருளிலேயே பாலின வேறுபாடு முக்கியமாக இருக்கும் ஆராய்ச்சிக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறது. தொழில்நுட்ப மாணவியரை நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுக்கவும் அதே பெயரில் உதவி உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 ஜனவரி முதல், விலங்கு, மனித ஆய்வுகளில் உயிரியல் பாலினத்தை மாறியாகக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன; அவர்களிடம் பணம் கேட்கும் சிறு நிறுவனங்களும் இதற்கு உட்பட்டவையே. ஐரோப்பாவின் விமன் டெக்இயூ, பெண்கள் நிறுவி உயர் பொறுப்பில் இருக்கும் ஆழ்தொழில்நுட்பத் தொடக்க நிறுவனங்களுக்கு 75,000 யூரோவும் வழிகாட்டலும் தருகிறது. கடைசியாகச் சொன்னது யாருக்குப் பணம் போகிறது என்பதை மாற்றுகிறது. அதனால் உங்கள் மார்புப் பட்டை மாறாது. இரண்டும் தேவை, ஆனால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் காட்டக் கூடாது.

பொது நிதி எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதற்குக் கார் மோதல் பொம்மை நல்ல உதாரணம். பல பத்தாண்டுகளாகச் சோதனைகளில் உட்கார்ந்திருந்தது 175 செ.மீ. உயரமும் 78 கிலோவுக்கு ஒட்டிய எடையும் கொண்ட சராசரி ஆண். ‘பெண்’ பொம்மை என்று வந்தது, அந்த ஆண் வடிவத்திலிருந்து சுருக்கிய, ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள மிகச் சிறிய உருவம். பின்னாலிருந்து மோதும் விபத்தில் கழுத்துக் காயம் ஏற்படும் அபாயம் பெண்களுக்கு ஆண்களைவிட இரு மடங்கு வரை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும், சட்டம் கேட்காத பொம்மைக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் தானாகப் பணம் போட முன்வரவில்லை. 2009-இல் தொடங்கி ஐரோப்பிய நிதியில் நடந்த அட்சீட் திட்டத்தில், 162 செ.மீ., 62 கிலோ கொண்ட சராசரிப் பெண் உருவில் ஒரு பொம்மையின் கணினி மாதிரி உருவாக்கப்பட்டது. பின்னர் 2018 முதல் 2022 வரை, ஸ்வீடனின் சாலை, போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனமான வி.டி.ஐ.-யைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையில் நடந்த விர்ச்சுவல் திட்டம், செட் 50எஃப் என்ற பொம்மையையும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கணினி உடல் மாதிரிகளையும் தந்தது. இருக்கை செய்யும் நிறுவனங்கள் ‘அளக்கக் கருவி இல்லை’ என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் கருவி தயாரான பிறகும், அதைக் கட்டாயமாக்குவது பாதுகாப்பு விதிகளை எழுதுபவர்கள் கையில்தான். பொது நிதி முதல் அளவுகோலைச் செய்து தரும். விதியும் வாடிக்கையாளரும்தான் நிறுவனத்தை அசைக்க வேண்டும்.

ஒப்பந்தமான பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. பணியாளர்களில் எல்லா நிலைகளிலும், மேற்பார்வை, மேலாண்மை நிலை உட்பட, இயன்றவரை பாலினச் சமநிலைக்கு முயல வேண்டும் என்று நிதி ஒப்பந்தம் சொல்கிறது. விலக்கு பெற்ற உங்கள் நிறுவனமும் அதில் கையெழுத்திடும். ஆனாலும் டெலிவரபிளாக எழுதப்படாத வாக்குறுதியை யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் அழைப்பு மொத்தத் தொகை முறையில் இருந்தால் இன்னும் நல்லது: வொர்க் பேக்கேஜ் முடிந்தால்தான் அதற்கான பணம் வரும். பாலின வாரியான சோதனையை அதன் உள்ளே வைத்துவிட்டால், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும் வேலையாக அது இருக்காது.

உங்கள் பெயர் விஷயம். ஆய்வாளர் பட்டியலில் பெயர், பாலினம், பணி நிலை, திட்டத்தில் பங்கு எல்லாம் கேட்பார்கள். புள்ளிகள் சமமாக நின்றால் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் உங்கள் பெயர் அதில் இருப்பது சரியே. வொர்க் பேக்கேஜ் தலைமை வேறு. அதற்கு ‘சரி’ சொல்லுமுன் மேலாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: அந்தத் தொகுப்பில் எனக்கு எத்தனை ஆள்-மாதம் (ஒருவர் ஒரு மாதம் முழுநேரம் செய்யும் வேலை), அதன் பட்ஜெட்டில் மாற்றம் செய்யும் அதிகாரம் எனக்கு உண்டா, இப்போதைய வேலையில் எதை என்னிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பீர்கள். மூன்று ஆண்டுத் திட்டம் என்றால், ஒருங்கிணைப்புக்கு மட்டும் 4 முதல் 6 ஆள்-மாதம் கேளுங்கள். வடிவமைப்பு வேலை அதற்கு மேல் தனி. ஒதுக்கீடு இல்லாமல் பெயர் மட்டும் போட்டால், அறிக்கையும் கூட்டமும் உங்கள் தலையில் வந்து சேரும், மார்புப் பட்டையை மாற்றும் முடிவு வேறொருவர் மேசையில் எடுக்கப்படும்.

ஒதுக்கித் தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மறுவடிவமைப்பு இருக்கும் தொகுப்பையே கேளுங்கள். தகவல் பரப்பும் தொகுப்பைப் பெண்ணுக்குத் தள்ளிவிடுவது பல கூட்டமைப்புகளில் வழக்கம். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒதுக்கவே முடியாது என்றால், தலைவராக யார் உண்மையில் வேலை செய்வாரோ அவர் பெயரையே போடச் சொல்லுங்கள். பட்டியலில் உங்கள் பங்கை உள்ளபடி ‘வடிவமைப்புப் பொறியாளர்’ என்று எழுதுங்கள். அந்தப் பத்தியை எழுதும் வேலையை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் கேட்டால் 71-க்கும் 88-க்கும் உள்ள கணக்கைக் காட்டுங்கள். பொறியாளருக்கு அது போதும்.